கன்னிமூலைக் குழி

காலை ஆறு மணிக்குக் கெசியா டீச்சர் வீட்டுக் கிணற்றில் முதல் வாளி விழும். அந்தச் சத்தத்தில்தான் சங்கரிக்கு விழிப்பு வரும். விழித்த கையோடு வயிறும் எரியத் தொடங்கும். தெருப் பெண்கள் ஆளுக்கு இரண்டு குடத்தோடு தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கூடிவிடுவார்கள். உருளை கிறீச்சிடும், எவளாவது சிரிப்பாள். "டீச்சர், ஒங்க தண்ணியில போட்டா பருப்பு பூவா மலருது" என்று மாரித்தாய் தினமும் ஒரு தடவை சொல்லாமல் போக மாட்டாள். தனக்குக் கேட்கவேண்டும் என்றேதான் அவள் உரக்கச் சொல்கிறாள் என்பது சங்கரியின் முடிவு.

கிணறு இல்லாதவளா சங்கரி? அவள் வீட்டிலும் இருக்கிறது. டீச்சர் கிணற்றைவிட ஆழம், சிமெண்டு பூசிய கைப்பிடிச்சுவர், மேலே கம்பிவலை. இருந்து என்ன, தண்ணீர் சவர். ஒரு வாய் வைத்தவர்கள் மறு வாய் வைக்க மாட்டார்கள். சோப்பு நுரைக்காது. பருப்பை அடுப்பில் போட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்கே போய்வரலாம். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, செம்மண் தேரியில் புதிதாக மனை பிரித்த இடம் அது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும், இதோ வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள். அதுவரைக்கும் தெருவுக்கே டீச்சர் கிணறுதான். அந்தக் கிணற்றுத் தண்ணீர் தன் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று சங்கரி வைராக்கியமாக இருந்தாள். பன்னிரண்டு வருஷமாகச் சவரைக் காய்ச்சி, சீரகம் போட்டுக் குடித்தாள்.

வயிற்றெரிச்சலில் பாதி டீச்சர் மேல் என்றால், மீதி தன் மேலேயே. வீடு கட்டுமுன் நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் உள்ளங்கையில் உரித்த தேங்காயைப் படுக்கவைத்து மனை முழுக்க நடந்தார். தென்மேற்கு மூலையில், கன்னிமூலையில், தேங்காய் சட்டென்று எழுந்து நின்றது. "இங்கன தோண்டுங்க தாயி. எளநி மாதிரி தண்ணி கெடக்கு. இப்படியே தெக்க பாத்துப் போகுது" என்றார். சங்கரிதான் ஒப்பவில்லை. கன்னிமூலையில் பள்ளம் விழுந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது, கிணறு ஈசான மூலையில்தான் இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஈசானத்தில் தோண்டினார்கள், சவர் வந்தது. பக்கத்து மனைக்காரியான கெசியா டீச்சருக்கு மூலை பார்க்கும் வழக்கமில்லை. பெரியவர் சொன்ன திசையைக் கேட்டுக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம், அந்த மூலையிலிருந்து பத்தடி தள்ளித் தோண்டினாள். அன்றிலிருந்து சங்கரியின் மண்ணுக்கு அடியில் ஓடுகிற தண்ணீரை ஊரே டீச்சர் தண்ணீர் என்று சொல்லிக் குடிக்கிறது. என் தண்ணீர், என் தண்ணீர் என்று சங்கரி மனசுக்குள் சொல்லாத நாளில்லை.

அவள் புருஷன் குற்றாலலிங்கத்துக்கு உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை. தொண்ணூற்றேழில் பி.எச்.சி. பூச்சிமருந்துத் தூளை இனி விற்கக்கூடாது என்று தடை வந்தது. கம்பெனி திரும்ப எடுக்கவில்லை. கடையில் கிடந்த பதினெட்டு மூட்டையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"புதைச்சுட்டா மண்ணோட மண்ணாப் போயிரும். எங்கன தோண்ட?" என்று கேட்டார்.

சங்கரி யோசிக்கவே இல்லை. கை தானாக நீண்டது. "அந்த மூலையில தோண்டுங்க. நம்ம கெணத்துக்குத் தூரம்."

"கன்னிமூலையில பள்ளம் ஆவாதும்பியே."

"மூடி மேடாக்கிருவோம்லா. மேடு நல்லதுதான்."

கிணற்றுக்கு ஆகாத மூலை மருந்துக்கு எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் குழியை மூடி, மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் கண் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்த உருளையில் போய் நின்றது. அந்த ஒரு பார்வை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு இரண்டு ஐப்பசி மழை அந்த மேட்டின்மேல் பெய்து, மேடு மெல்ல உள்வாங்கிப் பள்ளமாயிற்று.

இந்தப் பங்குனியில் டீச்சரின் மகள் ஸ்டெபி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வீட்டில் ஜெபம் வைத்தார்கள். டீச்சரே நேரில் வந்து கூப்பிட்டுவிட்டதால் சங்கரி தட்டமுடியாமல் போனாள். பட்டுச்சேலை கட்டித்தான் போனாள். யாரும் அவளைக் குறைத்துப் பார்த்துவிடக்கூடாது. பாட்டும் ஜெபமும் முடிந்து எல்லாருக்கும் கேசரி வந்தது. கூடவே எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் வந்தது. கேசரி தொண்டையில் நின்றது, வேறு வழியில்லை. பன்னிரண்டு வருஷ வைராக்கியத்தை முறித்துக்கொண்டு தம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

வாடை அடித்தது. லேசாகத்தான். பூசணம் பூத்த ஈரச்சாக்கின் வாடை, அதற்குள் ஒரு மருந்து நெடி. மற்றவர்கள் கிணற்றில் இலை விழுந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். சங்கரிக்கு அது தெரியாத வாடையா? இருபது வருஷமாகப் புருஷனின் சட்டைக் காலரில் கசக்கி அலசியும் போகாத வாடை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். மறைப்பானேன், அதுதான் வந்தது. போச்சு, இவள் பவிசு போச்சு என்று உள்ளுக்குள் ஒருத்தி கை தட்டினாள். அந்தச் சந்தோஷம் அடங்குமுன் ஸ்டெபி நிறைவயிற்றோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

"மெட்ராஸ்ல தண்ணி வாயில வைக்க வெளங்காது அத்த. இந்தத் தண்ணிக்காவத்தான் ஒரு மாசம் முன்னாலயே வந்துட்டேன்" என்றாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி செம்பை நீட்டினாள்.

சங்கரி தம்ளரைக் கீழே வைத்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டாள். மத்தியானம் சாப்பிட வந்த புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒனக்கு மூக்குல கோளாறு. அத்தன அடி மண்ணு இருக்கு, வடிகட்டிராதா?" என்றார் குற்றாலலிங்கம்.

"மழைக்குக் கரையாது, ரெண்டு வருஷம் ஆனாலும் வீரியம் போவாதுன்னு சொல்லித்தான அத வித்தீய? இப்பம் மண்ணு தின்னுருமோ?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வெளிய சொன்னா ஆபீசர் வந்து கடைய இழுத்துப் பூட்டிருவான். பேசாம கெட. நான் தெனம் குடிக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றவர், சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைக்குப் போகிற வழியில் டீச்சர் வீட்டில் ஒரு செம்பு வாங்கிக் குடிக்கிற பழக்கத்தை இத்தனை வருஷமாக மறைத்துவைத்திருந்தார். வேறொரு நாளாக இருந்தால் சங்கரி ஊரைக் கூட்டியிருப்பாள். அன்று அவளுக்கு அழுகைதான் வந்தது. மருந்திலேயே கிடந்து மரத்துப்போன அந்த மூக்குக்கு எந்த வாடை தெரியப்போகிறது?

மறுநாள் காலையில் முதல் வாளி விழுந்ததும் சங்கரி டீச்சர் வீட்டுக் கிணற்றடிக்கே போய்விட்டாள். பெண்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள். அவள் அங்கே வந்ததே இல்லை.

"டீச்சர், இந்தத் தண்ணி நல்லால்ல. ஸ்டெபிக்குக் குடுக்காதீய. யாருக்கும் குடுக்காதீய."

டீச்சர் அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, சிரித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "ஏன் சங்கரி, இன்னுமா? ஒனக்கும் ஒரு கொடம் கொண்டுபோயேன். நான் என்னைக்காவது வேண்டாம்னு சொன்னேனா?"

மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ, "பிள்ளத்தாச்சி குடிக்க தண்ணியில போயி கண்ணு வைக்காளே" என்றாள். சங்கரியின் காது சூடேறியது. பன்னிரண்டு வருஷமாகத் தன் பொறாமை தனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. நிஜத்தைச் சொன்னாலும் அந்தப் பொறாமைதான் முன்னால் வந்து நிற்கிறது. சுவரை ஒட்டிய ஜன்னலில் ஸ்டெபி தெரிந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறுகையில் செம்போடு நின்றிருந்தாள்.

சங்கரி தன் வீட்டுக்குத் திரும்பினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கன்னிமூலைக்குப் போனாள். குளித்துக்கொண்டிருந்த குற்றாலலிங்கம் முதல் வெட்டின் சத்தத்திலேயே துண்டோடு ஓடிவந்தார். "ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா? போடுட்டி கீழ. நாளைக்குச் சோத்துக்கு என்ன செய்வ?"

அவள் நிறுத்தவில்லை. வெட்ட வெட்ட அவளுக்குத் தன் மேலேயே இருந்த அந்தக் கோபமும் வந்தது. இந்த மண்ணில் நல்ல தண்ணீர் இருந்தது, அது எனக்கென்று இருந்தது, நானே வேண்டாம் என்று சொன்னேன். எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம் என்று கையை நீட்டினேன். அந்தக் கைதான் இது. இடுப்பளவு ஆழத்தில் மண் நிறம் மாறியது. செம்மண்ணில் சாம்பல் கலந்த ஈரம். வாடை குப்பென்று எழுந்தது, தம்ளரில் லேசாக அடித்த அதே வாடை, இப்போது கண்ணெரிய. இற்றுப்போன சாக்கு ஒன்று மண்வெட்டியில் மாட்டிக் கிழிந்து, வெள்ளையாகக் கூழ்போல எதுவோ வழிந்தது. குற்றாலலிங்கம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு அப்படியே திண்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சுவருக்கு மேலே ஒவ்வொரு தலையாக எழும்பியது. டீச்சர் சிரிக்கவில்லை. குழியைப் பார்த்தாள், அங்கிருந்து தன் கிணற்றைப் பார்த்தாள், மறுபடி குழியைப் பார்த்தாள். பத்தடி.

"எப்பம் போட்டது?" என்றாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சு." சங்கரிக்கு மூச்சு வாங்கியது. "எடத்தக் காட்டினது நாந்தான் டீச்சர்."

ஜன்னலில் ஸ்டெபி செம்பை மெல்ல விளிம்பில் வைத்தாள், வைத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கிணற்றடியில் மாரித்தாய் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது. அவள் அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.