சிவப்புத் துணி கட்டிய குச்சிகள்

ஆற்றங்கரைக் குடியிருப்பில் அவளுக்கு வைத்திருந்த பேர் கொடிக்காரி. வனத்துறைக் காவலர் என்று சட்டைப் பைக்கு மேலே எழுதித் தைத்திருந்தும் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மணல்திட்டில் அவள் நட்டு வைத்த முப்பத்தொரு குச்சிகள்தான் காரணம். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு சாண் சிவப்புத் துணி, ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆலாவின் கூடு.

கூடு என்று சொல்வதே பெரிய பேச்சு. ஆலா என்கிற அந்த ஆற்றுப் பறவைக்குச் சுள்ளி பொறுக்குகிற பொறுமையெல்லாம் கிடையாது. வயிற்றால் மணலை அழுத்தி ஒரு குழி, அதில் மூன்று முட்டை, அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம். மிதித்த பிறகுதான் அது முட்டை என்று தெரியும். ஆறு தன்பாட்டுக்குக் கிடந்த காலத்தில் அது நல்ல தந்திரம். இப்போது கரையில் மூன்று கட்டடங்கள், எண்ணூறு வீடுகள். விடிந்தால் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், நாயை இழுத்து வருகிறவர்கள், நாயால் இழுத்து வரப்படுகிறவர்கள், கல்யாணத்துக்கு முன்பே கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் என்று திட்டு முழுக்கக் கால்கள். போன வருடம் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை.

அதனால் இந்த வருடம் அவள் அதிகாரியிடம் ஒற்றைக் காலில் நின்றாள். எட்டு வாரம் திட்டைக் கயிறு கட்டி மூட அவர் சம்மதித்தார். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு குஞ்சாவது பறந்தால், இனி வருடாவருடம் முட்டையிடும் மாதங்களில் திட்டை மூட உத்தரவு போடுவார். இல்லையென்றால் குடியிருப்புச் சங்கம் கேட்கிற நடைபாதைக்குக் கையெழுத்து. கல் பதித்த பாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் வரும். அந்தக் கோப்பு அவர் மேசை மேலேயே கிடந்தது.

கயிறு கட்டினால் மட்டும் யார் நிற்கிறார்கள்? இடுப்புயரக் கயிற்றைத் தாண்டுவதையே உடற்பயிற்சியாக வைத்துக்கொண்டார்கள். வருகிறவன் வரட்டும், மிதிக்காமலாவது போகட்டும் என்று அவள் யோசித்து நட்டவைதான் அந்தக் குச்சிகள். அவளுடைய சொந்த யோசனை. தினமும் காலை ஆறரைக்குக் குச்சி குச்சியாகப் போவாள், குனிந்து முட்டையை எண்ணுவாள், நோட்டில் எழுதுவாள். தான் ஒன்றும் சோடை போகவில்லை என்று அப்போதெல்லாம் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

இரண்டாவது வாரம் ஒரு கூடு காலியாக இருந்தது. மறுநாள் மூன்று. உடைந்த ஓடு இல்லை, ஒரு சிறகு இல்லை, குழி மட்டும் துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. வார முடிவில் முப்பத்தொன்று பத்தொன்பதாகியிருந்தது. அன்றுதான் கயிற்றோரம் நாயின் கால்தடத்தைப் பார்த்தாள்.

எந்த நாய் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு முன் ஒரு பழுப்பு நாய் சங்கிலி மணலில் இழுபடக் கயிற்றைத் தாண்டி வெளியே வருவதையும், பின்னாலேயே அதன் எஜமானர் ஓடி வருவதையும் கண்ணால் பார்த்திருந்தாள். மூன்றாவது கட்டடத்து நான்காவது மாடி. அக்காவின் வீட்டுக்காரர்தான் அவர். அவள் மாமா என்று கூப்பிடுகிற மனிதர்.

அவரிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறவு பார்த்தால் உத்தியோகம் நடக்காது என்று நினைத்துக்கொண்டாள். கால்தடத்தைப் படம் எடுத்து, நாய் யாருடையது என்பதையும் எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். சங்கத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், எதையும் தள்ளிப்போடாத ஆள். குடியிருப்பு நாயே முட்டையைத் தின்றது என்று பேர் வந்தால் நடைபாதை கெட்டுப்போகும் என்று அடுத்த நாளே நாயை வெளியேற்றத் தீர்மானம் போட்டார். மூன்றாம் நாள் நாயைக் காரில் ஏற்றி வேறு ஊரில் ஒரு நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார் மாமா. அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

“ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள். அதன்பிறகு பேச்சே இல்லை.

நாய் போயும் முட்டைகள் போவது நிற்கவில்லை. பத்தொன்பது பதினைந்தாகி, பதினொன்றாகியது. அப்படியானால் இந்த ஊர் நாய்கள் எல்லாமே திருட்டு நாய்கள் என்று அவள் முடிவு கட்டினாள். செயலாளருக்கும் அவளுக்கும் கயிற்றோரம் வைத்து வாக்குவாதம் முற்றியது. ஏதாவது அசைந்தால் தானே படம் பிடிக்கும் கேமரா ஒன்றை அலுவலகத்திலிருந்து வாங்கி வந்து ஒரு கம்பத்தில் மறைத்துக் கட்டினாள். வேண்டியதை மட்டும் வெட்டி ஒட்டிக் காட்டுவீர்கள் என்று செயலாளர் குத்தலாகச் சொன்னார். பொறுமையுள்ள எவளும் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்திருப்பாள். இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“எல்லார் முன்னாடியும் போடறேன் சார். யார் வீட்டு நாய்னு நீங்களே பாத்துக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கத்துக் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. காலையில் மிச்சமிருந்த ஏழு கூடுகளையும் எண்ணி எழுதிவிட்டு, கேமராவின் மூன்று நாள் பதிவைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் மாமா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

திரையில் முதலில் வந்தவை அவளுடைய காலணிகள். பிறகு அவளே குனிந்து எண்ணுகிறாள், பென்சிலைக் காதில் செருகுகிறாள், போகிறாள். கூடத்தில் சிலர் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இரண்டு நிமிடம் கழித்து ஒரு காக்கை வந்து குச்சியின் மேல் உட்கார்ந்தது. சிவப்புத் துணி ஆடியது. காக்கை கீழே பார்த்தது. ஆலாக்கள் இரண்டும் பாய்ந்து பாய்ந்து அடித்தன, படத்தில் சத்தம் இல்லை. காக்கை நிதானமாக இறங்கி ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு போனது. அடுத்தது வந்து இரண்டாவதை எடுத்தது. மூன்றாவதும் போனது. பிறகு அவை எங்கும் தேடவில்லை. நேராக அடுத்த குச்சிக்குப் போயின.

மறுநாள் பதிவில் அவள் வருவதற்கு முன்பே மூன்று காக்கைகள் கயிற்றுக் கம்பத்தில் காத்திருந்தன. அவள் வந்தாள். அவை இறங்கி, புல்லுக்கட்டு கொண்டுபோகிறவள் பின்னால் மாடு போவது போல அவள் பின்னாலேயே மணலில் நடந்தன. அவள் நின்றால் நின்றன. அவள் குனிந்தால் கழுத்தை நீட்டிப் பார்த்தன. அவள் நகர்ந்ததும் வேலையை ஆரம்பித்தன. மூன்றாம் நாளும் அப்படியே. நாய் இல்லை, மனிதர் இல்லை. ஒவ்வொரு திருட்டும் அவளுடைய காலணியில்தான் தொடங்கியது.

இத்தனை நாளும் முதுகுக்குப் பின்னால் ஓர் ஊர்வலமே வந்திருக்கிறது, ஒருநாள்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செயலாளரே எழுந்து படத்தை நிறுத்தினார். அவர் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டில் ஆட்கள் தின்றுவிட்டு எறிகிற மிச்சத்துக்குத்தான் இவ்வளவு காக்கை சேர்ந்துவிட்டது, அது நம் தப்பு என்று மெல்லிய குரலில் சொன்னார். அது உண்மைதான், ஆனால் வழி காட்டியது யார்? பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“அப்போ அந்த நாய் ஒண்ணுமே பண்ணலையா?”

எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின. மாமா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து ஆற்றுக்கு ஓடினாள். காலையில் எண்ணிய ஏழு கூடுகளில் ஒன்றிலாவது முட்டை இருக்காதா என்று குச்சி குச்சியாகப் பார்த்தாள். ஏழும் வெறும் குழிகள். குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முப்பத்தொன்றையும் பிடுங்கிக் கையில் கட்டாகப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காலையில்கூட இதே கையால்தான் எண்ணினாள்.

“அழாதம்மா. இன்னும் ஒண்ணு இருக்கு.”

மாமா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. அன்றைக்கு நாய் கை நழுவி ஓடியபோது அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அது ஓரிடத்தில் போய் நின்றுவிட்டதாம், காலடியில் மூன்று முட்டைகள். நாய் முகர்ந்து பார்த்ததோடு சரி, வாயை வைக்கவில்லை. அவர் சங்கிலியைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். அங்கே குச்சி இல்லை, அவள் கண்ணில் படாமல்போன கூடு. நேற்றுக்கூடக் கரையிலிருந்தே பார்த்ததில் தாய்ப்பறவை அதே இடத்தில் உட்கார்ந்திருந்ததாம்.

“ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ குச்சி நட்டுருவே. சிவப்புத் துணியைப் பாத்தாலே படம் புடிக்கப் போனைத் தூக்கிட்டு ஓடி வராங்க. யாருக்கும் தெரியாமயே இருக்கட்டும்னு விட்டேன். காக்கா விஷயம் எனக்கும் தெரியாது.”

எங்கே என்று கேட்க வாயைத் திறந்தாள். அப்போதுதான் கம்பத்தில் மூன்று காக்கைகள் இருப்பதைக் கண்டாள். மூன்றும் அவளையும் கையிலிருந்த குச்சிக் கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தன.

“எங்கன்னு சொல்லாதீங்க மாமா. எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார். “கிழக்க போகாதே.”

அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நாய் இல்லை சார், காக்கை; காட்டிக்கொடுத்தது நான்தான் என்றாள். மிச்சம் ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். ஒன்று இருக்கிறதாம், நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன் என்றாள். ஒரு குஞ்சு என்று சொன்னது சொன்னதுதான், எட்டு வாரம் முடிகிற வரை கோப்பைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பினாள். இனி எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியாவிட்டாலும் கேட்டாள்.

“நாயை இன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க மாமா. நானே சங்கத்துல பேசறேன். அக்கா கால்ல வேணா விழறேன்.”

மாமா கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“முந்தாநாளே சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடிருச்சும்மா. தேடிட்டிருக்காங்க. வீட்டுக்கு வர வழி தெரியாது அதுக்கு.”

தவறு என்றால் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடம் முன்புவரை நம்பிக்கொண்டிருந்தாள். அவர் அதற்கு மேல் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கரையேறிப் போனார்.

அவள் குச்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தாள். திட்டின் கடைக்கோடியில், ஒரு பறவையும் ஒருநாளும் முட்டையிடாத ஈரமணலில் ஒரு குச்சியை நட்டாள். சிவப்புத் துணியை நன்றாக விரித்துவிட்டாள். தினமும் செய்வது போலவே குனிந்து நோட்டைத் திறந்தாள். பின்னால் இறக்கை அடங்குகிற சத்தம் கேட்டது, பிறகு மணலில் சின்னக் கால்கள் வந்து நின்றன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் மணலைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.