அப்பாவுக்கு ஒரு ஓடு

ரோம் நகரத்தில் ஆண்டின் ஒவ்வொரு திருவிழாவுக்கும் பாட்டு எழுதிக்கொண்டிருந்தான் செரானுஸ். பிப்ரவரியில் வரும் செத்தவர் நாளுக்கு எழுதியதுதான் அவனுக்கே ரொம்பப் பிடித்தது. செத்தவர்களுக்குப் பேராசை கிடையாது, உடைந்த மண் ஓடு ஒன்றில் கொஞ்சம் கோதுமையும் உப்பும், திராட்சை மதுவில் நனைத்த ரொட்டியும் போதும் என்று உருகியிருந்தான்.

அந்த நாளில் அக்கா விபியா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அப்பா கல்லறைக்கு நீ போய்விட்டு வா என்று கோதுமையும் உப்பும் துணியில் முடிந்து கொடுத்தாள். போகத்தான் கிளம்பினான். வழியில் ஒரு பணக்காரர் வீட்டு ஆள் மறித்து, இன்றைக்கு உரிய பாட்டை இன்றைக்கே படித்தால்தானே அழகு, விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள் என்றான். மானங்கெட்ட ஆசை, கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். வெளியே வந்தால் இருட்டியிருந்தது. ஊருக்குத்தானே உபதேசம்! முடிச்சு இடுப்பிலேயே இருந்தது.

மறுநாள் சொந்தபந்த விருந்து. செத்தவர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், இருக்கிற உறவுகளோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். சொந்தத்துக்குத் துரோகம் செய்தவனுக்கு அந்தப் பந்தியில் இடமில்லை. அதையும் பாட்டாக்கியவன் அவனேதான். போகாவிட்டால் அக்கா கேட்பாளே என்று பயந்து அவள் வீட்டு விருந்துக்குப் போனான்.

சோர்ந்த முகத்தோடு அவளே பரிமாறினாள். வீட்டுத் தெய்வங்களுக்குப் படைத்ததும், அவள் கணவன் விருந்துப் பாட்டைப் பாடச் சொன்னான். செரானுஸ் நன்றாகத்தான் தொடங்கினான். துரோகி எழுந்து போகட்டும் என்ற வரி வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டான்.

"என்ன மச்சான், நீ எழுதினது உனக்கே மறந்துபோச்சா?"

செரானுஸ் முடிச்சை எடுத்து அக்கா முன்னால் வைத்தான். "நான் போகலக்கா."

விபியா அதைத் தொடவில்லை. "தெரியும்டா. மனசு கேக்காம நேத்து சாயங்காலம் நானே தட்டுத்தடுமாறிப் போனேன். சுத்தி எல்லார் கல்லறையிலயும் ஓடு இருந்துச்சு. நம்ம அப்பாவுக்கு மட்டும் இல்ல. ஒண்ணு வெச்சு, உங்க மகன்தான் குடுத்தனுப்பினான்னு சொல்லிட்டு வந்தேன்."

அவமானத்தில் அவன் எழுந்தான். அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அப்பாகிட்டயே பொய் சொன்னவ நான். உன் பாட்டுப்படி பாத்தா நானும்தான் எழுந்து போகணும். பேசாம சாப்பிடு."

ரொட்டியைப் பிட்டு அவன் கையில் வைத்தாள். அவள் விரல்கள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தன.