பதினாலு வயதுக்குள்

கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் அன்று மல்லாக்கொட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றினார்கள். கிடங்கு வாசலில் இரண்டு பேர் தூக்கி முதுகில் வைப்பார்கள். பலகை மேல் ஏறித் தோணியில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். எல்லோரும் நடந்தார்கள். குலாம் முகம்மது மட்டும் ஓடினான். ஜும்மா தொழுகைக்குப் போய்வந்த நேரத்தையும் சேர்த்து ஈடுகட்டுகிறவன் போல ஓடினான்.

மேஸ்திரி கலியமூர்த்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "இன்னாய்யா குலாமு, மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓட்டப்பந்தயமா?"

"நாளைக்கு லீவு வேணும் மேஸ்திரி. நாளைக்குத் தூக்க வேண்டியதுல பாதிய இன்னிக்கே தூக்கிடறேன்."

"எதுக்கு லீவு? வூட்ல கல்யாணமா?"

"எம் மொவன் சிதம்பரத்துல ஹாக்கி ஆடறான். ஜில்லா டீமுல."

"ஆடறது அவன். ஒனக்கு எதுக்குய்யா லீவு? நீ போயி கோல் போஸ்டா நிக்கப் போறியா?"

கிடங்கே சிரித்தது. குலாமும் சிரித்தான். லீவு கிடைத்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மேஸ்திரி சொன்னதில் பாதி உண்மை. மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் அவன் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கோலுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். பையனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தான் நடந்தே போவான். வெளியே போகும் பந்தை ஓடிப் பொறுக்கிக் கொடுப்பான். ஆட்டத்தின் சட்டதிட்டம் ஒன்றும் அவனுக்குத் தெரியாது. பந்து மகன் ரஃபியிடம் போனால் நல்லது, போகாவிட்டால் கெட்டது. ரஃபியுதீனுக்கு முதல் மட்டையைக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தில்லைநாதன். அது விரிசல் விட்ட பழைய மட்டை. தோணிக்காரர்களிடம் விரிசல் அடைக்கிற குங்கிலியப் பிசின் வாங்கிவந்து உருக்கி, சாக்குத் தைக்கும் சணலை அதில் முக்கி, விரிசலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தான் குலாம்.

அவன் மனைவி சலீமா பீவி தன் பங்குக்கு முட்டையைப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் இருந்தவை இரண்டே கோழிகள். இட்டதெல்லாம் ரஃபிக்குத்தான். "அவன் பந்தடிக்க, நாங்க முட்டை ஓட்டைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று சின்னவள் ரசியா கேட்டாள். "அவன் பெரிய ஆட்டக்காரனா வந்து ஒனக்குக் கூடை நெறைய வாங்கித் தருவான்டி" என்பாள் சலீமா. சொல்லும்போது அவளுக்கே அது உண்மை என்று தோன்றும்.

சிதம்பரத்தில் நடந்தது பதினாலு வயதுக்குட்பட்ட பையன்களுக்கான போட்டி. பல ஜில்லாக்களிலிருந்து வந்திருந்தார்கள். நன்றாக ஆடுகிற இரண்டு பேரை மெட்ராஸ் ஹாஸ்டலில் சேர்த்துச் சாப்பாடும் படிப்பும் கொடுக்கப் போகிறார்கள் என்றும், ஒரு இடம் ரஃபிக்குத்தான் என்றும் தில்லைநாதன் வீட்டுக்கே வந்து சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் ரஃபியும் அப்பா அம்மாவும் போய் இறங்கினார்கள். சலீமா பீவி வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எலுமிச்சம் சோற்றுத் தூக்கோடு மைதானத்துக் கயிற்றோரம் உட்கார்ந்தாள். மகன் ஆடி அவள் பார்த்ததே இல்லை. "இவ்ளோ பெரிய எடத்துலயா ஓடுவான்? கால் வலிக்காதா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அவனுக்கா?" என்றான் குலாம். அதற்கு மேல் சொல்லப் பெருமை விடவில்லை.

வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, கண்ணாடி அணிந்த ஒருவர் வயதுச் சான்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தில்லைநாதன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஒட்டிய கவரைக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு தாளில் நின்றார்.

"ரஃபியுதீன். ஒண்ணு, ஆறு, அம்பத்திரெண்டு. பதினாலு முடிஞ்சு மூணு மாசத்துக்கு மேல ஆயிடுச்சே, சார்?"

தில்லைநாதன் தாளை வாங்கிப் பார்த்தார். "கிளார்க் ஒட்டிக் குடுத்தாரு. நான் பிரிச்சுப் பாக்கல. பையனைப் பாருங்க சார், இவனா பதினாலு?"

ரஃபி நின்றான். தோள் குறுகல். மீசை இருக்க வேண்டிய இடத்தில் வியர்வை மட்டும்தான் இருந்தது.

என்னவோ சரியில்லை என்று பார்த்த குலாமும் சலீமாவும் எழுந்து வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சலீமா சத்தமாகவே சொன்னாள்: "அது தப்புங்க. புயலடிச்சு மூணாம் நாளு பொறந்தான். கார்த்திகை மாசம். வர்ற கார்த்திகைக்குத்தான் பதினாலு முடியுது."

"அப்ப ஜூன் எப்படிம்மா வந்துச்சு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். இது அவனுக்கும் தெரியாத சங்கதி.

"இவனுக்கு நாலரை வயசு இருக்கையில இவரு மூட்டை சரிஞ்சு கால் ஒடிஞ்சு கெடந்தாரு. வூட்ல அடுப்பு எரியல. பள்ளிக்கூடத்துல மதியம் சோறு போடறாங்கன்னாங்க. தூக்கிக்கிட்டு ஓடினேன். அஞ்சு வயசு முடிஞ்சாத்தான் சேப்போம்னாரு ஹெட்மாஸ்டரு. தலைக்கு மேல கையச் சுத்திக் காதைத் தொடச் சொன்னாரு. இவனுக்கு எட்டல. நான் தடவிக் குடுக்கற மாதிரி மண்டைய ஒரு பக்கமா சாய்ச்சிட்டேன். தொட்டுட்டான்."

ஹெட்மாஸ்டர் ஐந்து வருஷம் பின்னால் எண்ணி ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோருமே ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருந்தார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று குலாம் மெதுவாகக் கேட்டான்.

"சொன்னா அழுதிருப்பீங்க."

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "சார், அந்த ஆறு மாசச் சோறுதானே தப்பு? அதுக்கு ஈடா நான் மூட்டை தூக்கிக் குடுத்துடறேன். எந்தக் கிடங்குன்னு சொல்லுங்க. எத்தினி மூட்டைன்னாலும் சரி. புள்ளைய ஆட வுடுங்க."

கண்ணாடிக்காரர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரையும் பார்க்காமல் பேசினார். "எனக்கு நம்பிக்கை இல்லாம இல்ல பெரியவரே. ஆனா பேப்பர்ல இருக்கறதுதான் வயசு. தப்புன்னா கோர்ட்டுக்குப் போயி மாத்திக்கிட்டு வாங்க."

"எப்ப சார்?"

"ஆட்டம் இன்னும் இருவது நிமிஷத்துல." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

பதிலாட்டக்காரனைக் கூப்பிட்டார்கள். வக்கீல் மகன் ஞானசம்பந்தன் வந்தான். டிரில் மாஸ்டரைவிட இரண்டு விரற்கடை உயரம். தாடை காலையில் மழித்த பச்சையோடு இருந்தது. அவன் அப்பா போன மாதம் கோர்ட்டில் வாங்கிய சான்று மொடமொடப்பாக இருந்தது. "பதிமூணு வயசு, ரெண்டு மாசம்" என்று வாசித்தார் கண்ணாடிக்காரர். முத்திரையைத் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"ஸாரிடா ரஃபி" என்றான் ஞானசம்பந்தன். நல்ல பையன்தான். ஆனால் அவனுக்குப் பந்தை நிறுத்தவே வராது.

ரஃபி தலையை ஆட்டினான். அழவில்லை. "நீ லெஃப்ட்ல ஏறி ஆடு. அந்தப் பக்கம் தடுக்கற பேக்கு மெதுவாத்தான் திரும்பறான், இப்ப அவங்க பயிற்சி பண்றப்ப பாத்தேன்" என்றான்.

ஜில்லா டீமுக்கென்று தைத்து வந்தவை பதினோரு சட்டைகள்தான். ரஃபி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். ஞானசம்பந்தன் தலையை நுழைத்தான். கை நுழைந்தது, தோள் நுழையவில்லை. சட்டை மார்பிலேயே நின்றுவிட்டது. போன வாரம் அது ரஃபிக்குத் தொளதொளவென்று இருந்ததால், சலீமா இரண்டு பக்கமும் நாலு விரல் பிடித்து நெருக்கித் தைத்திருந்தாள். ஓடும்போது பிரிந்துவிடக் கூடாதென்று இரட்டை நூல் போட்டிருந்தாள்.

நடுவர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். தில்லைநாதன் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. வேற சட்டை இல்ல. பதினோரு பேரும் ஒரே சட்டை போடணும்ங்கறாங்க. தையலப் பிரிக்கக் கத்திரிக்கோலும் கெடைக்கல."

சலீமா பீவி சட்டையை வாங்கினாள். கயிற்றோரம் உட்கார்ந்து உட்புறம் திருப்பி மடியில் போட்டாள். முடிச்சைத் தேடினாள். நகத்துக்கு அது மசியவில்லை. ரஃபி வெறும் மேலோடு அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணி சுருங்காமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவள் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.