கூட்டிய ஒன்று

அம்மாவின் வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. தள்ளிப்போகவே கூடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். இடது கண் முன்பே போய்விட்டது. மிஞ்சிய ஒன்றை வைத்துத்தான் ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்தது எங்கள் அலுவலகம். அடுத்த தேதிச் சீட்டை அச்சிடும் பகுதி என்னுடையது. தேதியிலிருந்து மாதத்தை எண்ணாகக் கேட்டால், நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பு, ஜனவரியைப் பூஜ்யம் என்று சொல்லும். எந்தப் புண்ணியவான் அப்படி எண்ணினானோ. நாம்தான் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினேன்.

டீம் லீடருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பாத்துக்கலாம்'. அவர் தன் பகுதியிலேயே மாத எண்ணில் ஒன்றைக் கூட்டித்தான் எனக்கு அனுப்பியிருந்தார். சொல்லவில்லை. ஒரு தேதியை ஓட்டிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். இன்றே வேண்டும் என்று தலைமேல் நின்றார், நான் பார்க்கவில்லை.

அது ஓடத் தொடங்கிய நாள் ஜூன் பதினான்கு. அன்று ஊசி போட்டு வந்த அம்மா சீட்டை நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. 14-8 என்று இருந்தது.

"டாக்டரு அடுத்த மாசம்னுதானே சொன்னாரு?"

"ஆகஸ்ட்னு அச்சடிச்சே குடுத்திருக்காங்கம்மா."

"சரி. நீ படிச்சவ," என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

ஜூலைக் கடைசியில் காலர் கோணுகிறது என்று கம்பெனியில் திட்டு வாங்கினாள். ஆகஸ்டில்தான் போகிறோமே, அப்போது சொல்லலாம் என்றேன். போனோம். உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். ஏன் ஜூலையில் வரவில்லை என்று கேட்டார். சீட்டை எடுத்துக் காட்டினேன். காட்டும்போதே புரிந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் என் நிரலைத் திறந்தேன். நான் கூட்டிய ஒன்று அங்கே இல்லை. ஜூன் இருபதிலேயே 'பாத்துக்கலாம்' அதை எடுத்திருந்தார். அதுவரை கொடுத்த சீட்டுகள் என்ன ஆயின என்று கேட்டேன்.

"யாராவது போன் பண்ணிக் கேட்டா பாத்துக்கலாம்னு விட்டேன்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

 

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன், அந்த ஒன்றைக் கூட்டியது நான்தான் என்று. அவள் என் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். 

"ஊசி போட்ட அன்னிக்கு எம் பக்கத்துல ஒரு பஸ் டிரைவர் உக்காந்திருந்தாரு. அவருக்கும் இதே சீட்டுதானா?"

அந்த ஆறு நாளில் அச்சான சீட்டுகள் அறுபத்தொன்று. மறுநாள் காலை பட்டியலை மேசையில் வைத்து, யாரிடமும் கேட்காமல், முதல் எண்ணை அழைத்தேன்.