நடை சாத்திய நேரத்து மைதானம்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

இடத்தைத் தவறான நேரத்தில் பார்த்துவிட்டேன். அளவுகளில் பிழை இல்லை. நீளம், அகலம், இரண்டு வேப்பமரங்கள் எல்லாம் சரி. ஆய்வுப் படிவத்தில் 'பயன்பாடு' என்பதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதியது மட்டும் தவறு.

காலையில் அப்பாவோடு கோயிலில் பூஜை வேலை. மதியம் நடை சாத்திய பிறகுதான் எனக்கு ஓய்வு. மாலை ஆறு மணிக்கு நகரமைப்பு வகுப்பு. ஆகவே, ஊரின் திறந்தவெளிகளைப் பற்றிய ஆய்வில் எனக்குக் கொடுத்த இடங்களையெல்லாம் மதிய வெயிலில்தான் போய்ப் பார்த்தேன். அப்போது வேங்கிக்கால் மைதானத்தில் ஒரு நாய்கூட நிற்காது. நடை சாத்தினால் எங்கள் வீடு அடங்கிவிடும், திறந்தால் எழும். ஊரும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டேன் போலிருக்கிறது.

இன்று வகுப்புக்கு ஒரு வரைபடம் வாங்க வேங்கிக்கால் போய்விட்டு, ஐந்தரை மணிக்கு அந்த வழியாகத் திரும்பினேன். மைதானம் நிறையப் பெண்கள். வாலிபால். இரண்டு வேப்பமரங்களுக்கும் நடுவே வலை. அந்த மரங்களில் கயிற்றுத் தழும்பை முன்பே பார்த்திருக்கிறேன். மாடு கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய முளைகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன.

பந்தை எடுக்க ஓடிவந்த கவியா என்னைப் பார்த்துவிட்டாள். எங்கள் தெருப் பூக்கடைக்காரரின் மகள், கல்லூரியில் படிக்கிறாள்.

"இன்னா ஐயரே, வழி தவறிட்டியா? கோயில் அந்தப் பக்கம்."

"இங்க தினமும் ஆடுவீங்களா?"

"ரெண்டு வருஷமா ஆடறோம். ஸ்கூல் கிரவுண்டுல பசங்க கிரிக்கெட்டு, எங்கள எங்க உள்ள விடறானுங்க? இனிமே இதுவும் கெடையாது. பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற பஸ்ஸுங்கள இங்க நிறுத்தப் போறாங்களாம். அடுத்த மாசம் ஜில்லா டீமுக்கு செலக்சன். நெட்ட எங்க கட்டறதுனு தெரியல."

"யாரு சொன்னாங்க?"

"முளை அடிச்ச ஆளுதான். யாரோ படிச்சவன் வந்து பாத்துட்டு, இங்க யாருமே வர்றதில்லனு எழுதிக் குடுத்துட்டானாம். கண்ணு பொட்டையா இருப்பான் போல."

அவள் தோழிகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எழுதியதைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது.

வகுப்பு முடிந்ததும், ஆய்வை நடத்தும் மௌலி சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நம்ம அறிக்கை போன வாரமே கலெக்டர் ஆபீசுக்குப் போயிடுச்சு ஸ்கந்தன். சாயந்திரம் போய்ப் பாத்து புதுசா எழுதிக் குடுங்க, அனுப்பி வெக்கறேன். ஆனா வேலைய நிறுத்துவாங்கனு நம்பிக்கினு இருக்காதீங்க. அடுத்த வாரம் ஜல்லி கொட்டறாங்க."

நான் பார்த்த மற்ற இடங்களும் மாலையில் இப்படி நிறைந்திருக்குமோ என்னவோ. அதையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஆனால் அங்கெல்லாம் இன்னும் முளை அடிக்கவில்லை.

நாளை: வகுப்புக்கு விடுப்பு. ஐந்தரை மணிக்கு மைதானம். அப்படி எழுதியவன் நான்தான் என்று முதலில் கவியாவிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் நிற்க விட்டால், ஆட்டம் முடியும்வரை இருந்து பார்த்து எழுத வேண்டும்.