கதவு சாத்தியே இருக்கட்டும்

எங்கள் தெருவில் துக்கம் என்றால் லசானியா; சீஸ் போட்டுச் சுட்டு, பாத்திரத்தோடு கொண்டுபோய்க் கொடுப்போம். ஆள் போனாலும் லசானியா, மரம் சாய்ந்து கூரை உடைந்தாலும் லசானியா. போன நவம்பரில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்த பிறகு, பக்கத்து வீட்டு ஷெரிலின் வாசலில் வந்து குவிந்ததைப் பார்த்திருக்க வேண்டும். வைக்க ஃப்ரீசரில் இடமில்லாமல் கராஜில் அடுக்கினாள். அவள் மகள் பிரின்லி, பதினாறு வயது, உயிரோடு திரும்பியவர்களில் ஒருத்தி. அந்தப் பெண் நாங்கள் அனுப்பிய லசானியாவை வேலிக்கு மேலாக என் நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நாய்க்கு ஒரு வாரம் வயிறு சரியில்லை. பாவம், பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது.

அன்று நடந்தது ஊருக்கே தெரியும். இசை வகுப்புப் பிள்ளைகள் வாத்தியங்கள் வைக்கும் அறைக்குள் போய், விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவை ஒட்டி உட்கார்ந்தவள் பிரின்லி. கழிப்பறைக்குப் போயிருந்த அதே வகுப்புப் பையன் டெவின் ஓடி வந்து கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்று பாலர் வகுப்பிலிருந்தே பயிற்சி கொடுத்துத்தான் இங்கே பிள்ளைகளை வளர்க்கிறோம். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். டெவின் பிழைக்கவில்லை.

"நீ செஞ்சது சரிதான் செல்லம்" என்று நாங்கள் எல்லோரும் அவளிடம் சொன்னோம். முடிவெட்டுபவன் சொதப்பிவிட்ட தலையைப் பார்த்து "வளந்துடும்" என்று சொல்வோமே, அதே குரலில்.

டெவினின் அம்மா மார்சி கோவாச் எங்கள் தெருவின் கோடியில் இருக்கிறாள். அவளும் பிரின்லியும் நேருக்கு நேர் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதை நாங்கள் பொதுச் சேவையாகவே எடுத்துக்கொண்டோம். சூப்பர் மார்க்கெட்டில் ஒருத்தி பால் பக்கம் வந்தால் இன்னொருத்தியைக் காய்கறிப் பக்கம் தள்ளுவோம். தேவாலயத்தில் இடது கோடி, வலது கோடி. எதிர்வீட்டு பெக்கி இந்த விஷயத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரன் தோற்றான் என்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இளசுகளுக்கான படமாம். பள்ளியில் இப்படி ஒரு கொடுமை நடந்த பிறகு ஒரு பெண் எப்படி மீண்டு வருகிறாள் என்பது கதை. இயக்குநர் ஜூலியன், ஆகஸ்ட் வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிற பிள்ளையாண்டான். பேசுகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "நான் கேக்குறேன், சொல்லுங்க" என்பான். பிறகு அவனே பேசுவான்.

மெழுகுவத்தி அஞ்சலிக் காட்சிக்குக் கூட்டம் வேண்டும் என்றதும் தெருவே கிளம்பியது. நவம்பரில் நிஜமாகவே குளிரில் நின்று அழுதவர்கள் இப்போது ஒத்திகை பார்த்து அழக் கிளம்பினோம். பெக்கி தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அழுறதுக்கு எதுக்குடி சாயம்?"

"முகத்தைக் கிட்டத்துல எடுத்தா என்ன பண்றது? உனக்கென்ன டோரின், உன்னைப் பின்னாடிதான் நிறுத்துவாங்க."

பிரின்லியைப் படத்துக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். லசானியாவைக் கண்டாலே கதவைச் சாத்துகிற பெண் இதற்கு எப்படிச் சம்மதித்தாள் என்று எனக்குத் தலை வெடித்தது. வேலியோரம் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

"அந்தப் படத்துல ஒரு கதவு வருது, மிசஸ் ஹாலண்ட். அது திறக்கக் கூடாது. அதுக்குத்தான் போறேன்."

"திறந்தா என்னம்மா? படம்தானே."

"படத்துல அந்தப் பொண்ணு திறந்து அவனைக் காப்பாத்திட்டான்னு வைங்க. பாக்குறவங்க எல்லாரும் என்னைப் பாத்து, இவ ஏன் திறக்கலன்னு நினைப்பாங்க. வாய்விட்டுக் கேக்கக்கூட மாட்டாங்க. லசானியா குடுப்பாங்க."

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அடுப்பில் வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்காதீர்கள்.

பக்கத்து ஊரில் மூடிக்கிடந்த பழைய பள்ளி ஒன்றில் படப்பிடிப்பு. கதவுக் காட்சி அன்று, அஞ்சலிக் கூட்டமான நாங்கள் எங்கள் முறைக்காகத் தாழ்வாரத்தில் டோனட் தின்றபடி காத்திருந்தோம். அதனால் எல்லாம் காதில் விழுந்தது. காது கொடுத்துக் கேட்டேன் என்றும் சொல்லலாம்.

"அவ திறக்குறா. கையப் புடிச்சு உள்ள இழுக்குறா. ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுறாங்க" என்றான் ஜூலியன்.

"திறக்க மாட்டான்னு போன வாரம் எழுதிக் காட்டுனீங்க" என்றாள் பிரின்லி.

"ஆமா. ஆனா பாக்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும், பிரின்லி. நீ சொல்றதை நான் கேக்குறேன்."

"கேக்கல. கேட்டிருந்தா மாத்திருக்க மாட்டீங்க."

"சரி, ரெண்டு விதமாவும் எடுப்போம். அப்புறம் எது பொருத்தமோ பாத்துக்கலாம்."

"எனக்கு ரெண்டு விதம் கிடைக்கலையே" என்றாள். அவள் குரல் உயரவில்லை. வீட்டுப்பாடக் கணக்கை நூறாவது தடவை சொல்லிக்கொடுக்கிறவள் மாதிரி அலுப்பாக இருந்தது.

அப்போதுதான் படியேறி வந்தாள் மார்சி கோவாச். மகனைப் பறிகொடுத்த தாய் வந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று ஜூலியன் எங்களுக்குத் தெரியாமல் அழைத்திருக்கிறான். பெக்கி டோனட் தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் பாய்ந்தாள். "மார்சி, அந்தப் பக்கம் காப்பி இருக்கு, வா."

"காப்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நகரு பெக்கி. நீங்கள்லாம் சேந்து எனக்கு வழி திருப்பி விட்டது போதும்."

அவள் நேராக ஜூலியனிடம் போனாள்.

"யாரு திறக்குறது?"

"மிசஸ் கோவாச், இது ஒரு கற்பனை..."

"டெவினுக்கு அப்போ ஆறு வயசு. பயிற்சி முடிஞ்சு வந்து, துணி துவைக்கிற ரூமுக்குள்ள போயிப் பூட்டிக்கிட்டான். வெளையாட்டு. நான் தட்டுறேன், அம்மாடாங்கிறேன். அம்மா மாதிரி யாரு வேணாலும் பேசலாம், திறக்க மாட்டேங்கிறான். ஐஸ்கிரீம் தர்றேன்னேன். ம்ஹூம். கடைசில நானே கைதட்டி, கெட்டிக்காரன்டா நீன்னேன். நான்தான் கைதட்டுனேன். அதைத்தான் இந்தப் பொண்ணும் செஞ்சா. உள்ள அத்தனை பிள்ளைங்க இருந்துச்சு. உன் படத்துல இவ திறந்தா, நான் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது தப்புன்னு ஆகுது. அப்படித்தான் எடுப்பேன்னா எடுத்துக்கோ, ஆனா எம் பிள்ளை பேரைப் படத்துல போடாதே."

பெக்கி டோனட் தட்டைக் கீழே வைத்தாள்.

பிரின்லி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், மிசஸ் கோவாச்."

இதை யாரும் கேள்விப்பட்டதில்லை. நானே கேள்விப்பட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை தடவ?"

"ஒரு தடவதான். அப்புறம், 'சரி, திறக்காதே'ன்னான். மாடிப்படி பக்கம் ஓடுற சத்தம் கேட்டுச்சு."

மார்சி சட்டென்று காட்சிக்காகப் பூட்டி வைத்திருந்த கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாடிப்படிகிட்ட ஏன் கிடந்தான்னு போலீஸ்காரங்ககிட்ட கேட்டுப் பாத்தேன், பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாத்தேன். ஒருத்தருக்கும் தெரியல. நீ ஏன்டி வந்து சொல்லல?"

"வந்தேன். ரெண்டு தடவ. உங்க வாசல்ல எப்பவும் யாராவது பாத்திரத்தோட நின்னாங்க."

பெக்கி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிரின்லியும் போய் மார்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். அரை அரை வார்த்தைதான் எட்டியது. எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா. கேமராக்காரன் வெளிச்சம் போகிறது என்று முனகினான். ஜூலியன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். அவர்கள் கதவை விட்டு நகரவில்லை. மூன்றாவது முறை செருமியபோது மார்சி அண்ணாந்து பார்த்தாள். அதற்கு மேல் அவனுக்குத் தைரியமில்லை.

"சரி, கதவு சாத்தியே இருக்கட்டும்" என்றான். தொப்பியைக் கழற்றினான். உள்ளே முடி வியர்வையில் படிந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரிதான் இருந்தான்.

நடிக்கிற பெண் உள்ளே போய்க் கதவை ஒட்டி உட்கார்ந்தாள். கைப்பிடியை நோக்கி ஒரு கையை நீட்டி, நடுங்க வைத்து, கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் நடித்தாள். பெக்கிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்படியில்ல" என்றாள் பிரின்லி. எழுந்து போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீட்டக் கூடாது. நீட்டினா திறந்துடுவே. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு, அது மேல உக்காந்துக்கணும்."

அந்தப் பெண் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "இவ்வளவு அழுத்தியா?"

"இன்னும்" என்றாள் பிரின்லி.