சிவப்பாகவே இருக்கட்டும்

1

இந்தக் கதை ஒரு பச்சை விளக்கிலிருந்து கிளம்பியது. வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் சின்னப்பொண்ணுவின் கிழங்கு, பிடுங்கிய இடத்திலேயே கறுத்துக் கிடந்த நாளில், எங்கள் திரை பச்சையாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: “போன ஆண்டு இறந்த என் கணவர் அப்சல், தப்பே செய்யாத” [நிறுத்திவிட்டேன்.]

இரண்டாவது: “கள்ளக்குறிச்சியில் என் அண்ணன் ஷேக் மைதீனின் லாரி ஆபீசுக்கு அப்சல் ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு செயலி எழுதினார். லாரி மலைக்கு வருமா வராதா என்று அது எஸ்எம்எஸ் அனுப்பும். அதைப் பார்த்துத்தான் கிழங்கைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய கிழங்கு தாங்காது.” இது இருக்கட்டும்.

3

சர்வரை அடிக்கடி ‘நலமா?’ என்று கேட்பதற்கு ஒரு முகவரி உண்டு. ஹெல்த் செக் என்பார்கள். டேட்டாபேஸ் பேசுகிறதா, எஸ்எம்எஸ் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது பதில் சொல்ல வேண்டும். எங்களுடையது எதையும் பார்க்காமல் ‘நலம்’ என்றது; திரையில் பச்சை எரிந்தது. ‘லாரி வராது’ என்ற செய்தி போகாத பிழையும், நிரல் எழுதுபவர் சோதிக்கும்போது மட்டும் பார்க்கும் ‘டீபக்’ மட்டத்தில் பதிவாகியிருந்தது. ஓடும் சர்வரில் அந்த மட்டத்தை மூடிவைப்பது வழக்கம். யார் கண்ணிலும் படவில்லை.

முதல் பிரதியில் அஜித்குமார் என்று ஓர் ஆளை உண்டாக்கி, இதையெல்லாம் அவன் தலையில் போட்டேன். நன்றாகவே பேசினான். அழித்துவிட்டேன். எழுதியது அப்சல்தான்.

(அடிக்குறிப்பு ஆகியிருக்க வேண்டியது: தன் நெஞ்சுவலியையும் அவர் அந்த மட்டத்தில்தான் வைத்திருந்தார்.)

4

சின்னப்பொண்ணு ஆபீசுக்கே வந்தார். “உங்க மிசினுக்கு இன்னா, அது நல்லாத்தான் இருக்கும். என் கெழங்குதான் செத்துப்போச்சு.” அண்ணன் தலைகுனிந்து நின்றார். அதனால் அவரை வில்லனாக்க என்னால் முடியவில்லை.

அப்சலுக்குப் பிறகு செயலியைப் பார்த்துக்கொள்வது நான்தான்; அன்றே திருத்தினேன். இப்போது செய்தி தேங்கினால் திரை சிவக்கும். பிழை சத்தமாகவே பதியும்.

இன்று காலையிலிருந்து சிவப்பு. மலை லாரி பழுதாகிவிட்டது; அந்தச் செய்தி போகாமல் நிற்கிறது. இன்றைக்கென்று சின்னசேலத்திலிருந்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் செயலியைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் வருடம் முழுக்க எங்கள் லாரிகள் ஓடும்.

“அவங்க வந்துக்கினு இருக்காங்க பௌசி. மாப்ள எழுதுன மாதிரியே மாத்திடு. ஒரு வரிதானே?”

“மாத்துனா பச்சையாவும்ணே. மெசேஜ் போவாது.”

“அவங்க இன்னா மெசேஜா பார்க்கப்போறாங்க? கலரத்தான்.”

5

முடிவு அ: வரியை மாற்றுகிறேன். பச்சை. டீ வருகிறது, கையெழுத்தாகிறது.

முடிவு ஆ: சிவப்பைப் பார்த்து என் நேர்மையைப் புகழ்கிறார்கள். [எனக்கே நம்பிக்கை இல்லை.]

முடிவு இ: நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து [நிறுத்திவிட்டேன்.]

நான் வரியை மாற்றவில்லை. மாற்றப்போவதும் இல்லை. அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் கார் வந்து நிற்கிறது, அண்ணன் கூப்பிடுகிறார். நான் சின்னப்பொண்ணுவின் எண்ணைப் போட்டுவிட்டேன். ரிங் போகிறது. எடுத்தால் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இன்னிக்குப் பிடுங்காதீங்க.